நிறுத்தி வைத்த பழைய சான்ட்ரோவைத் தினசரி ஓட்ட வேண்டும் என்றால் எதில் முதலில் கை வைப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான். அப்பா 2007-இல் வாங்கிய ஹூண்டாய் சான்ட்ரோ ஜிங், 88,000 கிலோமீட்டர் ஓடியது, மூன்று வருஷமாக வாசலில் கவர் போட்டு நிற்கிறது. இப்போது தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்குத் தினமும் வேலைக்குப் போக வேண்டும், போக வர ஐம்பது கிலோமீட்டர் போல. வண்டி வாங்கும் ஒருவர் எழுபதாயிரம் தருகிறேன் என்கிறார். தெரிந்த மெக்கானிக் பெயின்ட்டோடு சேர்த்து ஒரு லட்சம் ஆகும் என்கிறார். செலவு செய்யலாமா, விற்றுவிடலாமா?

அடித்தகடு நன்றாக இருந்தால் தாராளமாகச் செலவு செய்யுங்கள். துரு உள்ளே இறங்கியிருந்தால் யோசிக்காமல் எழுபதாயிரத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், அந்த ஒரு லட்சத்தில் பெயின்ட்டும் டிங்கரிங்கும் எவ்வளவு என்று தனியாகப் பிரித்துக் கேளுங்கள். பாதிக்குப் பக்கத்தில் வந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. அந்தப் பாதி இப்போது வேண்டாம். பழைய வண்டிக்குக் காசு போடுகிறவர்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் போடுகிறார்கள்: பெயின்ட், சீட் கவர், டச் ஸ்கிரீன். ஆனால் உங்களை நடுரோட்டில் நிறுத்தப்போவது நாற்பது ரூபாய் ரப்பர் ஹோஸ் ஒன்றாகத்தான் இருக்கும்.

இதே மாடலைப் பல வருஷமாகத் தினமும் ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல வண்டி உங்களிடம் இருக்கிறது. சான்ட்ரோ 1998-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வந்தது. 2003-இல் அதன் புது வடிவமான ஜிங் வந்தது, 2014 முடிவில் ஜிங்கின் உற்பத்தி நின்றது. ஜிங்கில் இருப்பது 1086 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜின். இதே குடும்பத்து இன்ஜின்தான் பின்னால் ஐ10 1.1 மாடலிலும் வந்தது. அதனால் இன்ஜின் சாமான் கிடைக்காமல் நீங்கள் தவிக்கப்போவதில்லை. உயரமான சீட் இன்னொரு வசதி. முழங்கால் வலிக்கிற அம்மா அப்பா குனியாமல் ஏறி இறங்கலாம். இன்றைக்கு வருகிற பல சின்ன வண்டிகளில் இந்தச் சுகம் இல்லை.

முதலில் துருவைப் பாருங்கள். வேறு எதற்கும் பைசா செலவழிப்பதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். டிரைவர் பக்கத்து மேட்டை எடுத்துவிட்டு, கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, அடியில் இருக்கிற பஞ்சு மாதிரியான விரிப்பில் கையை வையுங்கள். ஈரமாகவோ மக்கிய வாடையோடோ இருந்தால் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. பிறகு ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தகட்டைத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும். துருவேறிய இடம் நனைந்த அட்டைப் பெட்டியைத் தட்டினது போல மந்தமாகக் கேட்கும். கதவின் அடி ஓரத்தில் தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். மூன்று வருஷத் தூசியும் இலையும் அதை அடைத்திருக்கும், ஒரு கம்பியால் குத்தி எடுத்துவிடுங்கள். ரன்னிங் போர்டு (கதவுக்கு அடியில் நீளமாகப் போகிற தகடு), பின் சக்கர வளைவு, பேட்டரித் தட்டின் அடி, இந்த மூன்றையும் விட்டுவிடாதீர்கள்.

கதவிலும் பின் சக்கர வளைவிலும் துரு என்றால் கவலைப்படாதீர்கள், வெட்டி வெல்டிங் வைத்துக்கொள்ளலாம். முன்பக்கம் ஷாக் அப்சார்பர் மேலே போய் உட்காரும் இடத்திலும், சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கிற லோயர் ஆர்ம் பாடியோடு சேரும் இடத்திலும் தகடு அரித்திருந்தால் கதையே வேறு. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்தத் தகடுதான். அங்கே பட்டி பூசி பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் வண்டியை விடாதீர்கள். கடல் காற்றில் நின்ற வண்டிகளிலும், 2015 வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டிகளிலும் இந்த இடங்களைக் கட்டாயம் ஜாக்கியில் தூக்கிப் பார்க்க வேண்டும். உங்களுடையது தாம்பரம் பக்கம் என்பதால் வெள்ளத்தை அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

தகடு தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புது பேட்டரி வாங்கிப் போட்டு உடனே சாவியைத் திருப்பாதீர்கள். மூன்று வருஷம் நின்ற இன்ஜினில் மேலே இருந்த ஆயில் எல்லாம் கீழே வடிந்துபோயிருக்கும். பழைய ஆயிலை இறக்கி, புது ஃபில்டரும் ஆயிலும் போடச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, ஸ்பேனர் போட்டு இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். தங்கு தடையில்லாமல் சுற்றினால்தான் அடுத்த வேலை. டேங்க்கில் இருக்கிற பழைய பெட்ரோல் முழுவதையும் இறக்கிவிடுங்கள். அது கெட்டுப்போய் பிசினாகி பம்பையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். வாசலில் நின்ற வண்டியில் எலி கூடு கட்டியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கூடு இருந்தால் ஒயரும் கடிபட்டிருக்கும்.

ஸ்டார்ட் ஆகிவிட்டதா, சரி. அத்தோடு அணைத்துவிடுங்கள். டைமிங் பெல்ட் மாற்றும்வரை வண்டி வாசலைத் தாண்டக் கூடாது. பிஸ்டனையும் வால்வையும் தாளம் தப்பாமல் ஓடவைப்பது அதுதான். இந்த இன்ஜினில் அதற்குச் செயின் கிடையாது, ரப்பர் பெல்ட்தான். அதைக் கிலோமீட்டர் கணக்கில் மட்டும் பார்க்கக் கூடாது, வருஷக் கணக்கும் உண்டு. நின்றுகொண்டிருந்தாலும் ரப்பர் காய்ந்து வெடிக்கும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிடலாம், அப்புறம் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை இறக்க வேண்டியதுதான். பெல்ட்டையும் அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரையும் செட்டாக மாற்றுங்கள். பெல்ட்டை மட்டும் மாற்றி பழைய டென்ஷனரை விட்டுவைப்பது மிச்சமே இல்லை. அந்தப் பக்கத்தைப் பிரிக்கும்போதே கிராங்க், கேம் ஆயில் சீல்களையும் வாட்டர் பம்பையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். கூலி ஒரே கூலிதான்.

அடுத்தது கூலிங். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நம் ஊரில் பழைய வண்டிகள் சாவது பெரும்பாலும் இதில்தான். ரேடியேட்டர் மூடியை இன்ஜின் ஆறியிருக்கும்போது திறந்து பாருங்கள். உள்ளே பச்சையாகவோ சிவப்பாகவோ தெளிந்த கூலண்ட் இருந்தால் அப்பா ஒழுங்காகப் பார்த்திருக்கிறார். டீ நிறத்தில் இருந்தால் யாரோ போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள், உள்ளே உப்பும் துருவும் படிந்திருக்கும். பலமுறை சுத்தத் தண்ணீர் விட்டு அலசி, கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்ற வேண்டும். ரேடியேட்டரின் மேலும் கீழும் போகிற ஹோஸ்கள், ஹீட்டருக்குப் போகிற சின்ன ஹோஸ்கள், எல்லாவற்றையும் மாற்றுங்கள். கையால் அமுக்கும்போது கல் மாதிரியோ களிமண் மாதிரியோ இருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் மடிப்பில் வெள்ளையாகக் கறை இருந்தால் கசிகிறது என்று அர்த்தம்.

இன்ஜின் சூடாகும்வரை கூலண்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற வால்வுதான் தெர்மோஸ்டாட். அதைப் பற்றி மெக்கானிக்கிடம் நேராகக் கேளுங்கள். “நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு சார்” என்று கழற்றி எறிந்துவிடுகிற பழக்கம் பல பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. கார்புரேட்டர் காலத்திலேயே அது தப்பு, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலை அனுப்புகிற எம்பிஎஃப்ஐ வண்டியில் பெரிய தப்பு. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வரவே நேரமாகும். அதுவரை கம்ப்யூட்டர் இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலை அதிகமாக அனுப்பும். மைலேஜ் குறையும், ஆயில் சீக்கிரம் கெடும். கழற்றியிருந்தால் திரும்பப் போடச் சொல்லுங்கள். விலை அற்பம். ஃபேன் தானாக ஓடுகிறதா என்பதை வண்டியை நிறுத்தி ஐடிலில் ஓடவிட்டு உங்கள் கண்ணால் பாருங்கள். சூட்டு முள் நடுவைத் தாண்டி மேலே ஏறத் தொடங்கும், ஃபேன் சுற்றும், முள் இறங்கி உட்காரும். ஃபேன் சுற்றவில்லையென்றால் மோட்டார், ரிலே, ஃபியூஸ், சென்சார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். எப்போதும் ஓடும்படி நேரடியாக ஒயர் இழுத்துவிடுவது தீர்வே இல்லை.

ஓடும்போது முள் சிவப்பை நெருங்கினால் ஏசியை அணைத்து ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்திவிடுங்கள். அரை மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள். “இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே” என்று ஓட்டுகிற அந்த ரெண்டு கிலோமீட்டரில்தான் ஹெட்டுக்கு அடியில் இருக்கிற சீலான ஹெட் கேஸ்கெட் போகிறது.

பிரேக்கில் பேரம் பேசாதீர்கள். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். நின்ற வண்டியில் டிஸ்க்கைக் கவ்வுகிற காலிப்பரின் பின் இறுகிப்போயிருக்கும், பின் டிரம்மில் வீல் சிலிண்டர் கசியும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்ற வேண்டியதை யாரும் மாற்றுவதில்லை. பேட், ஷூ, வீல் சிலிண்டர், ஹோஸ் நான்கையும் பார்த்து, புது டாட் 4 ஆயில் ஊற்றி நான்கு சக்கரத்திலும் பிரேக் லைனில் இருக்கிற காற்றை எடுக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்து சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது.

டயரில் பட்டன் (ரோட்டைப் பிடிக்கிற மேல்கட்டைகள்) நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 2317 என்றால் 2017-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஆறேழு வருஷம் தாண்டியிருந்தால், அதிலும் ஒரே இடத்தில் காற்று இறங்கி நின்றிருந்தால், ஐந்தையும் மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அளவு 155/70 ஆர்13, எந்தக் கடையிலும் கிடைக்கும்.

சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், லிங்க் ராடு, மேலே ஸ்ட்ரட் மவுண்ட் ஆகியவை காய்ந்திருக்கும். மேடு பள்ளத்தில் ‘கடக் கடக்’ என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான். வலது பக்கம் மாற்றினால் இடதையும் மாற்றிவிடுங்கள். முடிந்ததும் வீல் அலைன்மெண்ட். இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் மவுண்ட்டையும் இந்தச் சமயத்திலேயே பார்க்கலாம். ஐடிலில் ஸ்டியரிங் நடுங்குவதற்கு அதுதான் முக்கியக் காரணம்.

ஏசி போட்டதும் சிக்னலில் வண்டி திணறி அணைகிறதென்றால் உடனே இன்ஜினைச் சந்தேகப்படாதீர்கள். இன்ஜினுக்குக் காற்றை அளந்து விடுகிற த்ராட்டில் பாடியும் அதோடு இருக்கிற ஐடில் வால்வும் கரி படிந்து அடைத்திருக்கும். கழற்றி கிளீனர் அடித்துச் சுத்தம் செய்தாலே பல வண்டிகள் சரியாகிவிடுகின்றன. ஓடி ஓடி சூடானதும் திடீரென்று அணைந்து, ஆறினதும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனால் இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கிராங்க் சென்சாரைப் பார்க்கச் சொல்லுங்கள். சென்சார் மாற்றுவதற்கு முன் பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகிற எர்த் ஒயர்களைச் சுரண்டி இறுக்கிப் பார்க்க வேண்டும். எலக்ட்ரிகல் தொல்லைகளில் பாதி அந்தப் பச்சைப் பாசி பிடித்த முனையில்தான் இருக்கும்.

பெட்ரோல் பற்றியும் சொல்லியாக வேண்டும். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். உங்கள் வண்டி அதற்காகச் செய்ததல்ல. நிதி ஆயோக்கின் அறிக்கையே, இப்படிப்பட்ட பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று சொன்னது. அதைவிடக் கவனிக்க வேண்டியது ரப்பர். எத்தனால் பழைய ஃப்யூல் ஹோஸ்களையும் சீல்களையும் மெல்ல மெல்ல இளக்கும். அதனால் டேங்க்கிலிருந்து இன்ஜின்வரை இருக்கிற ரப்பர் ஹோஸ்களை எத்தனால் தாங்குகிற தரத்தில் புதிதாகப் போட்டுவிடுங்கள், ஃபில்டரையும் மாற்றுங்கள். பானெட் திறந்ததும் பெட்ரோல் வாடை வந்தால் அன்றைக்கே பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதும் இனி ஆகாது. தினசரி ஓடுவது உங்களுக்கு அந்த வகையில் நல்லதே.

சாமான் வாங்குவதில் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் பழைய வண்டிச் சாமானுக்குப் பேர்போன புதுப்பேட்டையில் கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் பொறி, டெயில் லாம்ப், டேஷ்போர்டு துண்டு, சீட் என்று எதை வேண்டுமானாலும் பழையதாக வாங்கலாம். பிரேக், சஸ்பென்ஷன் ரப்பர், பெல்ட், சீட் பெல்ட், இவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. புது சாமானுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகள் இருக்கின்றன. ஹூண்டாயின் சாமான் நிறுவனமான மோபிஸின் முத்திரையோடு வருவது கம்பெனி சாமான். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் டூப்ளிகேட்டாக இருக்கும். மாற்றிய பழைய சாமானை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். நல்ல மெக்கானிக் நீங்கள் கேட்பதற்கு முன்பே ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வைத்திருப்பார்.

முகப்பு விளக்கு மங்கலாக இருக்கிறதென்று 100 வாட் பல்பைப் போட்டுவிடாதீர்கள். பழைய ஒயரும் ஸ்விட்ச்சும் 60/55 வாட்டுக்கானவை, ஒயர் உருகித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. மஞ்சளித்த கண்ணாடியை பாலிஷ் போட்டு, ரிலே வைத்து ஒயரிங் செய்தாலே அதே பல்ப் நல்ல வெளிச்சம் தரும்.

இனி செலவு. டைமிங் செட், கூலிங், பிரேக், ஆயில்கள், பேட்டரி, டயர், சஸ்பென்ஷன், ஹோஸ்கள் எல்லாம் சேர்த்து ஐம்பதிலிருந்து அறுபத்தைந்தாயிரத்துக்குள் முடியும் என்பது என் மதிப்பு. கிளட்ச் செட்டும் தேய்ந்திருந்தால் இன்னொரு பத்தாயிரம் ஒதுக்குங்கள். ஏசி கம்ப்ரஸர் போயிருந்தால் அது தனிக் கணக்கு. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய வேண்டியதில்லை. பெல்ட், கூலிங், பிரேக், டயர், பெட்ரோல் ஹோஸ் ஆகியவை ரோட்டில் இறங்குவதற்கு முன். சஸ்பென்ஷன், ஏசி அடுத்த மாதம். புதுக் கார் வாங்கினால் மாதத் தவணையே பத்தாயிரத்தைத் தாண்டும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வண்டியின் விலை இனி குறைவதற்கு ஒன்றுமில்லை.

பேப்பர் விஷயம். தனியார் காரின் ஆர்சி 15 வருஷத்துக்கு, பிறகு ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். உங்களுடையது 2022-இல் ஒருமுறை புதுப்பித்திருக்க வேண்டும். இல்லையென்றால் தினசரி ஓட்டத் தொடங்குவதற்கு முன் அதை முடித்துவிடுங்கள். பசுமை வரியும் கட்ட வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். ஆக 2027-இல் உங்களுக்கு இந்தக் கணக்கு வரும், தேதிக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். டெல்லியில் 15 வருஷ பெட்ரோல் வண்டிகளுக்கு வந்த தடையைக் காட்டி “இனி ஓட்ட முடியாது” என்று சொல்லி விலையைக் குறைப்பவர்கள் உண்டு. அந்த விதி தமிழ்நாட்டுக்கு இல்லை. இன்சூரன்ஸில் உங்கள் வண்டி 1000 சிசியைத் தாண்டுவதால் மூன்றாம் நபர் பிரீமியம் 2022-இல் அறிவித்த 3,416 ரூபாய் வகுப்பில் வருகிறது, வரி தனி. இந்த வயது வண்டிக்கு அதுவே போதும் என்பது என் கருத்து.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜிங் மாடல்களில் பெரும்பாலானவற்றில் ஏர்பேக்கும் இல்லை, ஏபிஎஸ்ஸும் இல்லை. தாம்பரம் – சிறுசேரி போக்குவரத்தில் நாற்பது ஐம்பது வேகத்தில் இது போதுமான வண்டி. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ராத்திரியில் மதுரைக்கு நூறில் விரட்டுவதற்கான வண்டி இது இல்லை. முன்னும் பின்னும் சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள், சட்டென்று வெட்டி இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டாவிட்டால் மாற்றுங்கள்.

எல்லா வேலையும் முடிந்து வந்ததும் நேராக ஆபீஸுக்கு எடுத்துப் போகாதீர்கள். ஒரு வாரம் காலையில் வீட்டைச் சுற்றி ஓட்டுங்கள். ராத்திரி இன்ஜினுக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்துவிட்டு, காலையில் அதில் என்ன சொட்டியிருக்கிறது என்று பாருங்கள். கருப்பு என்றால் இன்ஜின் ஆயில், பச்சை என்றால் கூலண்ட், முன் சக்கரத்துக்கு நடுவில் பழுப்பாக இருந்தால் கியர் ஆயில், சக்கரத்தின் உள்பக்கம் நிறமில்லாமல் வழுவழுப்பாக இருந்தால் பிரேக் ஆயில். கடைசியாகச் சொன்னது ஒரு சொட்டு இருந்தாலும் அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.